கண் திரும்பும் சத்தம்

மேடையில் நின்று அடுத்தவள் காதைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் முதன்முதலாக அவருக்குக் கேட்டது. திரையில் தெரிந்த படத்தை விட்டு, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த டீன் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினார். சரக். காய்ந்த அட்டையில் யாரோ நகத்தை மெல்ல இழுத்ததுபோல, தலைக்குள்ளே எங்கோ பக்கத்தில். மைக் கோளாறாக இருக்கும் என்று விரலால் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். வயதுக்காக வந்த பெயரில்லை. அவர் எதிரில் மற்ற எல்லோரும் சின்னவர்களாகிவிட வேண்டும், அதற்காக வந்த பெயர். காது அறுவைப் பிரிவுக்குத் தலைவர். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. 'வலது காது வந்தாச்சா?' 'அந்த அழுகின காதை உள்ளே அனுப்பு' என்றுதான் கேட்பார். அன்றைக்கு மேடையில் அவர் வர்ணித்துக்கொண்டிருந்தவளும் வெறும் 'இடது காது' தான்.

"இந்தம்மா மூணு வருஷமா பைத்தியம்னு பேரோட சுத்தினாங்க," என்றார் மைக்கில். "பேர் வெச்சது யாருன்னு கேக்கறீங்களா? நான்தான்."

அரங்கம் சிரித்தது. தலைவர் சொன்னால் சிரிக்காமல் இருக்க முடியுமா? அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் திரைப் பக்கம் திருப்பினார். சரக்.

அந்த இடது காதின் கதை இதுதான். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுத்துமேல் கண்ணை ஓட்டுவதே பிழைப்பு. கண் அசைகிற சத்தம் தனக்குக் கேட்கிறது என்று அவள் முதல்முறை வந்து சொன்னபோது பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்ணு என்னம்மா, எண்ணெய் போடாத கதவா? எனக்கே காது குத்தப் பாக்கறியே," என்றார்.

சுற்றி நின்ற பயிற்சி மருத்துவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் தலை குனிந்து எழுந்து போனாள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை மூன்று வருஷம் விழுங்கினாள்.

அப்புறம் எங்கோ வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் இதே மாதிரி சிலரைப் பற்றி எழுதியிருந்தார்கள். உள்காதில் வளைந்து போகும் சின்னக் குழாய் ஒன்று உண்டு, அதற்கு எலும்பில் ஒரு கூரை. லட்சத்தில் யாரோ சிலருக்கு அந்தக் கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துவிடும். விழுந்தால் உடம்பின் சத்தமெல்லாம் காதுக்கு வந்துவிடும். இதயம் அடிப்பது, குதிகால் தரையில் படுவது, கண்விழி குழிக்குள் திரும்புவது எல்லாம். பெரியவர் அவளைத் தேடிப் பிடித்து ஸ்கேன் எடுத்தார். ஓட்டை இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் வந்த களை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? அது எதற்கு? கட்டுரை எழுத ஒரு காது கிடைத்துவிட்டதே.

"மூடிடலாம். அப்புறம் எந்தச் சத்தமும் கேக்காது," என்றார்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் அவள்.

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தாள்.

"என் கண்ணோட சத்தம் எனக்குப் பழகிடுச்சு. அது தொந்தரவே இல்ல. நான் கண்ணை மூடி அசைக்காம வெச்சிருந்தாலும் இன்னொரு சத்தம் கேக்குது. அதுவும் கண்ணுதான். என்னோடது இல்ல."

"யாரோடதாம்?"

"தெரியல. ஆனா அது வாசிக்குது." அவள் விரலை மேசைமேல் வைத்துச் சின்னச் சின்னதாகத் தத்திக் காட்டினாள். பிறகு விரலை ஒரே இழுப்பாக முதல் இடத்துக்கே கொண்டுவந்தாள். "வாசிக்கறப்ப கண்ணு இப்படித்தான் போகும். தத்தித் தத்திப் போயி, வரி முடிஞ்சா ஒரே இழுப்பு. இருபது வருஷமா எனக்கு இதுதான் வேலை, இந்தச் சத்தம் எனக்குத் தப்பாது. அது பின்னால நின்னு என் முதுகைப் பாத்து வரி வரியா வாசிக்குது. திரும்பி முகத்தைக் காட்டினா நிறுத்திடும். இதுவரைக்கும் முழுசா முடிக்க நான் விட்டதில்ல. காதை மூடிட்டீங்கன்னா அது எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

இதையெல்லாம் கட்டுரையில் சேர்க்க வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்தார். அவள் புருஷனைத் தனியே கூப்பிட்டார். பாவம், தூங்கி மாசக்கணக்கான மனுஷன். மனைவி படுக்கையில் உட்கார்ந்தபடி சுற்றிச் சுற்றித் திரும்புவதைப் பார்த்தே பாதியாகியிருந்தான். "எப்படியாவது செஞ்சிடுங்க டாக்டர், அவளை நான் சம்மதிக்க வைக்கறேன்," என்றான். சம்மதிக்க வைத்தான்.

அறுவை அன்று நுண்ணோக்கியின் அடியில் ஓட்டை தெரிந்தது. வெள்ளை எலும்பில் கருப்பாக ஒரு புள்ளி. எலும்புத் தூளைக் குழைத்து அடைத்தால் கால்மணி நேர வேலை முடிந்தது. ஆனால் அடைத்துவிட்டால் படம் ஏது? பெரியவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. இந்தக் கோணம், அந்தக் கோணம், வெளிச்சத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று.

"சார், படம் போதும். திறந்தே வெச்சிருக்க வேண்டாம், மூடிடுங்க," என்றார் மயக்க மருத்துவர். அந்த அறையில் பெரியவருக்குப் பயப்படாத ஒரே பெண்மணி.

"உங்க வேலை மயக்கறது, அதைப் பாருங்க," என்றார் இவர்.

அடுத்த வீட்டுச் சாவித் துவாரத்தில் கண் வைத்தவன்போல் குனிந்தே நின்றார். ஒருமுறை அந்தக் கருப்புப் புள்ளிக்குள் ஈரமாக எதுவோ பளிச்சிட்டு நகர்ந்ததுபோல் இருந்தது. உள்காதில் நீர் இருக்கும், நீர் என்றால் மின்னும் என்று அவருக்கு அவரே பாடம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் அடைத்தார்.

மேடைப் பேச்சு முடிந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு முகமாகக் கண்ணைத் திருப்பும்போதும் சரக், சரக் என்றது. வீட்டில் சாப்பிடும்போது தட்டிலிருந்து டம்ளருக்குக் கண் போனாலும் கேட்டது. சோப்பு நுரை போகாத கைகளை ஒன்றோடு ஒன்று தேய்ப்பதுபோல வழவழப்பும் உரசலும் சேர்ந்த சத்தம். இரண்டு காதிலும் கேட்டது. 'அதிகம் படித்த நோய் தனக்கும் இருப்பதாக நினைப்பது கற்றுக்குட்டி மாணவனின் வியாதி' என்று வகுப்பில் எத்தனை பேரை மட்டம் தட்டியிருக்கிறார்! இப்போது தானே அந்தக் கற்றுக்குட்டி என்று நினைக்க அவருக்குக் கூசியது.

அடுத்த வாரம் அவள் மறுபரிசோதனைக்கு வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. அவள் நாற்காலியை இழுத்து, கதவுக்கு முதுகைக் காட்டி, சாவகாசமாக உட்கார்ந்தாள். கருவளையம் மங்கியிருந்தது.

"சத்தம் போயிடுச்சா?"

"போயிடுச்சு டாக்டர்."

"அப்புறம், அந்த வாசகர்?" கேலியாகத்தான் கேட்க நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

"இல்ல. நல்லாத் தெரியுது, இல்ல. கேக்காதவங்க முதுகு அதுக்கு எதுக்கு?"

"அப்ப அது எங்க போச்சாம்?"

அவள் பாலில் விழுந்த பல்லியைப் பார்ப்பதுபோல அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் அவளைப் பார்த்த பார்வைதான் அது. வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் வந்ததுலேருந்து உங்க நாற்காலி நகர்ந்துட்டே இருக்கு டாக்டர்," என்றாள். "இப்ப சுவத்துல இடிச்சுட்டு நிக்குது."

எழுந்து போய்விட்டாள். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன செய்வது என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. பெரியவர் கேட்கவில்லை. இடது காதிடம் போய் யோசனை கேட்பதா?

அன்று மதியம் அறுவை அரங்குக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து விழும் தண்ணீரையே பார்த்தபடி, கண்ணை இமைக்கவும் இல்லாமல். அப்போது கேட்டது. பின்னால். சரக். சரக். சரக். சரக். அப்புறம் ஒரு நீள இழுப்பு. மறுபடி முதலிலிருந்து சரக். சட்டென்று திரும்பினார். தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் நின்றிருந்தது. முழங்கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவர் அங்கேயே நின்றார்.

யாருக்கும் தெரியாமல் தனக்கே ஸ்கேன் எடுத்துக்கொண்டார். படம் பார்க்கும் டாக்டர் அவருடைய கல்லூரித் தோழர்.

"ஓட்டையாவது ஒண்ணாவது. ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி இருக்குடா எலும்பு," என்றார் தோழர்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். உனக்கு ஒண்ணும் இல்ல. லீவு போடு, தூங்கு. தூக்கம் வரலேன்னா சொல்லு, மனநல டாக்டர் ஒருத்தர் தெரிஞ்சவர் இருக்கார்."

முப்பது வருஷமாக அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த மருந்து அதே அளவில் அவருக்கே வந்து சேர்ந்தது. ஓட்டை இருந்திருந்தால் அடைத்துக்கொள்ளலாம். இல்லாத ஓட்டையை எதை வைத்து அடைப்பது? பயமாக இருந்தது. அதைவிட, யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம் பெரிதாக இருந்தது.

ஒரு வழிதான் இருந்தது. காது சோதிக்கும் சத்தமில்லா அறை. அங்கே உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சத்தம் எது, மனப்பிரமை எது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் நோயாளிகளெல்லாம் போன பிறகு போனார். சோதனை செய்யும் பெண் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஷின்ல ஏதோ கோளாறுன்னாங்க. பாத்துட்டு நானே பூட்டிடறேன். நீ கிளம்பும்மா," என்றார்.

அவள் வெளி அறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரே ஒரு விளக்கு. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை, சுவரெல்லாம் துளையிட்ட தகடு, நோயாளியைக் கவனிப்பதற்கு ஒரு கண்ணாடிச் சன்னல், நடுவில் ஒரு நாற்காலி. ரப்பரும் வியர்வையும் கலந்த வாடை. இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தியதும் உலகத்தின் சத்தம் முழுக்க அறுந்து விழுந்தது. ஏ.சி.யின் முனகல் போயிற்று, தெருவின் இரைச்சல் போயிற்று, தன் செருப்புச் சத்தம்கூடத் தரைக்குள்ளேயே அமுங்கிப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சு அடிப்பது கேட்டது. எச்சில் இறங்குவது கேட்டது. கண்ணை இடமிருந்து வலம் ஓட்டினார். கட்டில் காலை இழுத்ததுபோல் கேட்டது.

கண்ணை மூடினார். அசைக்காமல் வைத்தார்.

அமைதி.

பிரமைதான் என்று மூச்சு விட்டார். நாளைக்கே அந்தப் படம் பார்க்கிறவனிடம் போய் இரண்டு கிண்டல் அடிக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

சரக்.

பின்னால். நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில்.

சரக். சரக். நீள இழுப்பு.

நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். நின்றது. எதிரே துளையிட்ட தகடு மட்டும். அவள் சொன்னது சரிதான், முகத்தைக் காட்டினால் நிறுத்திவிடும். அப்படியே எழுந்து, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நகர்ந்து கதவைத் தொட்டுவிட்டால் போதும். முடிக்க விடக்கூடாது. அவ்வளவுதான். எழுந்தார். ஓரடி பின்னால் வைத்தார்.

சரக்.

இப்போது கதவுப் பக்கம்.

திரும்பினார். நின்றது. அந்த நொடியே பழைய பக்கத்தில் தொடங்கியது. விட்ட வரியிலிருந்து. ஒன்று இல்லை. இரண்டு. அவளுக்கு ஒரு காது. அவருக்கு இரண்டு.

அதற்கும் இதற்கும் திரும்பினார். சுற்றினார். தலைவர், பெரியவர், அந்தப் பெட்டிக்குள் பம்பரமாகச் சுற்றினார். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். "அம்மா, இங்க யாராவது வாங்களேன்," என்று கூப்பிட்டார். சோதனைப் பெண்ணைத்தான் கூப்பிட்டார். நல்ல அறை அது. குரல் வாயைத் தாண்டவில்லை.

முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தகடு சில்லென்று பட்டது. தோள், பின்மண்டை, குதிகால், எல்லாம் ஒட்ட வைத்தார். மயிரிழை நுழையாது.

சரக்.

தகட்டுக்கும் தோலுக்கும் நடுவில். ஈரமாக. கழுத்தின் அடியில் ஒரு வரி. தோளுக்குக் கீழே ஒரு வரி. நீள இழுப்பு. அவசரமில்லை. இடுப்பு. கடைசி வரி. தத்தி, தத்தி, தத்தி.

நின்றது.

அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. ஆனாலும் நின்றது.

முடித்துவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு அடித்தது. மூச்சு வந்தது. எதிரே சன்னல். வெளி அறை இருட்டாக இருந்ததால் கண்ணாடியில் அவர் முகமே தெரிந்தது. வேர்த்து, வாய் கோணி, வெளிறிய முகம். கண்ணை அதன்மேல் நிறுத்தினார். அசைக்கவில்லை. சத்தியமாக அவர் அசைக்கவில்லை.

சரக்.

கண்ணாடியில் அவருடைய இரண்டு விழிகளும் மெல்ல இடப்பக்க ஓரத்துக்குப் போயின. அங்கிருந்து, நெற்றியின் ஓரத்திலிருந்து, தத்தித் தத்தி அவர் முகத்தை வாசிக்கத் தொடங்கின.