இருபத்தொன்றும் அசைந்தன

புதன்கிழமை, காலை 9.10.

பிணங்கள் ஒவ்வொன்றும் மிளகில் பாதிகூட இல்லை. கண்ணாடிக் குப்பிக்குள் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. எல்லாம் உண்ணிகள்.

ஆய்வகத்தின் காவல் அதிகாரியை எல்லோரும் ஏட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் போலீஸில் ஆய்வாளர்களுக்கு சல்யூட் அடித்துவிட்டு, இனியாவது நிம்மதியாக உட்காரலாம் என்று இங்கே வந்தவர். இங்கேயும் திரும்பிய பக்கமெல்லாம் ஆய்வாளர்கள்தான். முட்டி வலித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் விசாரணையையே ஆரம்பித்தார்.

"யாரோ விஷம் வச்சிருக்காங்க," என்றார் ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா. குப்பிக்கு அடியில் இருந்த தட்டைக் காட்டினார். அதில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது.

காய்ச்சலைப் பரப்பும் உண்ணி இனம் அது. அதன் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டால், காய்ச்சலை அது எப்படிச் சுமக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காக நான்கு வருடம் ஒரே குடும்பத்துக்குள் பெருக்கி வளர்த்த அக்கா தங்கைகள் இவை. நாளை மரபணு படிக்கும் மெஷினில் ஏற்றியாக வேண்டும். தவறினால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

ஏட்டு பழக்கதோஷத்தில் பிணங்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். இருபது.

"இந்த அறைக்குள்ள யார் யார் வரலாம்?"

"மூணு பேருதான். நான், மெஷின்காரர், உண்ணிக்காரம்மா. மெஷின்காரருக்கும் எனக்கும் ஒரு மாசமா ஆகாது. அதையும் எழுதிக்குங்க."

கதவருகே பதிவேடு தொங்கியது. உண்ணிகளைப் பராமரிக்கும் அம்மாவின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. தினமும் காலை 7.30. தினமும் ஒரே வரி: 'ஊதினேன். இருபத்தொன்றும் அசைந்தன.' நேற்றும் அதே வரிதான்.

"ஊதுறதா?"

"பசியில இருக்கிற உண்ணி செத்த மாதிரிதான் கிடக்கும். மூச்சுக் காத்து பட்டா, ஆள் வந்தாச்சுன்னு முன்னங்காலைத் தூக்கும்."

காலை 10.20.

மெஷின்காரர் முகத்தில் தூக்கமே இல்லை.

"டாக்டரம்மாவோட என்ன சண்டை?"

"பல உண்ணியைச் சேர்த்து அரைச்சாத்தான் படிக்க முடியும்ங்கறாங்க. புது முறையில ஒண்ணே போதும்னு நான் சொல்றேன்."

"சொன்னதோட சரியா?"

அவர் தரையைப் பார்த்தார். "போன வாரம் திங்கட்கிழமை யாருக்கும் தெரியாம ஒண்ணை எடுத்தேன் சார். கொஞ்சம் சோர்ந்துதான் இருந்துச்சு, ஆனா கால் தூக்குச்சு. மத்ததுல நான் கை வைக்கல."

ஏட்டு பென்சிலைக் கீழே வைத்தார். உண்மையில் அவருக்கு வருத்தமாக இருந்தது. குற்றவாளி கெட்டவனாக இருந்துவிட்டால் இந்த வேலை எவ்வளவோ சுலபம்.

காலை 11.45.

உண்ணிக்காரம்மா கசங்கிய புடவையோடு வந்து மெஷின்காரர் பக்கத்தில் நின்றார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்குக் கட்டும் நீலப் பட்டை.

"உட்காரும்மா. அந்தத் தட்டுல இருக்கிறது என்ன?"

"உப்புண்ணே."

"உப்பா?" டாக்டரம்மா திரும்பினார்.

"ஆமாங்க மேடம். உப்புத்தண்ணி தட்டு. அந்த ஈரத்துலதான் அதுங்க உயிரோட இருக்கும். தண்ணி வத்திப்போச்சு, உப்பு நின்னுடுச்சு," என்றார் உண்ணிக்காரம்மா. ஏட்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். "யாரும் விஷம் வைக்கல. ஒரு ராத்திரியில நடந்த சாவும் இல்ல. குடிக்க ஈரமில்லாம மெல்ல மெல்லக் காஞ்சு செத்திருக்கு."

"ஆனா நேத்துக்கூட இருபத்தொண்ணும் அசைஞ்சுதே," என்றார் டாக்டரம்மா.

"அசைஞ்சிருக்கவே முடியாது. ஒன்பது நாள் முன்னாடி மெஷின்காரர் ஒண்ணை எடுத்துட்டாரு. அன்னையிலேருந்து உள்ள இருக்கிறது இருபதுதான். பதிவேடு மட்டும் இருபத்தொண்ணுலயே நிக்குது. எண்ணிப் பார்த்தவங்க அப்படி எழுத மாட்டாங்க. ஏம்மா, எத்தனை நாளா உள்ள போகல?"

உண்ணிக்காரம்மா மறுக்கவில்லை.

"பன்னெண்டு நாளாண்ணே. அந்த வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்தேன். இதே உண்ணிக் காய்ச்சல்தான். கார்டைத் தேய்ச்சு, நோட்டுல எழுதிட்டு ஓடிடுவேன். நாளைக்குத் தண்ணி ஊத்திக்கலாம், நாளைக்கு ஊத்திக்கலாம்னு..."

"இப்ப எப்படி இருக்காரு?"

"என்னையே அடையாளம் தெரியல."

நான்கு வருட உழைப்பு. டாக்டரம்மாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பிறகு மெஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க எடுத்த அந்த ஒண்ணு?"

"ஃப்ரீசர்ல இருக்கு. மரபணு நல்லா பிரிஞ்சு வந்திருக்கு. போதும்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "திருட்டுத்தனமா எடுத்ததால சொல்ல பயந்துட்டேன்."

"நாளைக்கு ஏத்துங்க," என்றார் டாக்டரம்மா. "வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்மா. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

உண்ணிக்காரம்மா கிளம்பவில்லை. "இன்னைக்கு எழுதலைங்க," என்றார். உள்ளே போய், குனிந்து, குப்பியின் வலைத்துணி மேல் மெதுவாக ஊதினார். விதிப்படி ஒரு நிமிடம் காத்திருந்தார். மறுபடி ஒருமுறை ஊதினார். பிறகு வெளியே வந்து பேனாவை எடுத்தார்.

'ஊதினேன். ஒன்றும் அசையவில்லை.'

பன்னிரண்டு நாளில் அந்தப் பதிவேட்டில் ஏறிய முதல் உண்மை அது. ஏட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.