ஐம்பத்தைந்து டிகிரி

அக்டோபர் கடைசி ஞாயிறு, ஆர்விட் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள்: அடுப்போரம் ஆர்விட், ஜன்னலை ஒட்டி அவர் மனைவி சோல்வெய்க், எதிரே மகள் கேரின், மடியில் கைக்குழந்தை, கதவருகே, கோட்டைக் கழற்றாமல், பக்கத்துப் பண்ணை லோர்னா. மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் அங்கே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"கிழட்டு ரேடியேட்டர். அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடற குழாய்ல காத்து அடைச்சிருக்கு," என்றார் ஆர்விட். "என்னை மாதிரி, மாடி ஏறினா இரைக்குது."

"நீங்க படுத்தாலும்தானே இரைக்கிறீங்க," என்றாள் சோல்வெய்க்.

மறுநாள் லோர்னா தவிர எல்லோரும் குளிருக்குத் தப்பி அரிசோனாவுக்குக் கிளம்பினார்கள். குளிர்காலம் முடியும்வரை வீடு லோர்னாவின் பொறுப்பு. தினமும் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். குழாய்களுக்குச் சூடு எட்டும்படி சமையலறைக் கழுவு தொட்டியின் கீழ் அலமாரிக் கதவுகள் திறந்தே கிடக்க வேண்டும். எல்லாவற்றையும் வாராவாரம் கடிதமாக எழுத வேண்டும். இன்ஷூரன்ஸ்காரன் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே. குழாய் உறைந்து வெடித்தால் அவர்கள் திரும்பப் போவதில்லை. புருஷன் செத்துப்போன இந்த நாலு வருஷமாக, ஏழு மைலுக்குள் லோர்னா கண்ணுக்குத் தெரிந்த ஒரே விளக்கு அந்த வீட்டு விளக்குதான்.

ஜனவரியில் ஒருநாள் தெர்மோஸ்டாட் எழுபதில் நின்றது. இறக்கி வைத்தாள். மறுநாளும் எழுபது. வாசல் பனியில் அவளுடைய காலடித் தடம் மட்டுமே இருந்தது. கடிதத்தில் 'ஐம்பத்தைந்து' என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய் அது.

அந்த வாரம் சோல்வெய்கின் கடிதம் வந்தது. 'கேரின் குழந்தையோட அடுத்த மாதம் அங்கே வந்து தங்கணும்ங்கறா. வீடு சரியா இருக்கான்னு ஒரு வரி எழுதுங்க. சரியில்லன்னா குழாய்த் தண்ணியை வடிச்சுட்டு வீட்டை வித்துடலாம்ங்கறார் இவர்.'

அடைத்த காற்றை எடுத்துவிட, லோர்னா ரேடியேட்டர் திருகுச் சாவியையும் துணியையும் தகரக் குவளையையும் எடுத்துக்கொண்டு ஆர்விட் வீட்டு மாடி ஏறினாள். படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. குவளையைப் பிடித்துக்கொண்டு திருகைத் திறந்ததும் காற்று சீறிக்கொண்டு வந்தது. துருவும் ஈர இரும்பும் மணக்க, அவற்றுக்கு அடியில், வெகுநேரம் வாய் மூடித் தூங்கியவரின் முதல் மூச்சுப் போல வெதுவெதுப்பான ஒரு வாடையும் கலந்திருக்க, அது அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. காற்று தீர்ந்தால் தண்ணீர் வரும். வரவில்லை.

சீறல் நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

துணியின் நுனி துளைக்குள் போனது. குனிந்திருந்தவளின் நரைமுடி ஒன்று போனது. இன்னொன்று. மெதுவாக. வலிக்காமல்.

தலையைப் பிடுங்கிக்கொண்டாள். முடி அங்கேயே நின்றது. திருகை மூடினாள். கீழே வந்தாள். கோட்டைப் போட்டாள். கதவுவரை போனாள்.

வெளியே வெள்ளை. அதற்கப்பால் அவள் வீடு. இருட்டாக.

கோட்டோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். வழக்கப்படி ஒவ்வொன்றாக எழுதினாள். தேதி. வெளிக்குளிர். பாய்லர் அழுத்தம். 'மாடி ரேடியேட்டர்' என்று எழுதியதும் பேனா நின்றது. மேலே தரைப்பலகை ஒன்று அழுந்தி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

'காற்று எடுத்தாயிற்று. வீடு கதகதப்பாக இருக்கிறது. குழந்தையை அழைத்து வாருங்கள்.'

உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். கதவை இழுத்துப் பூட்டி, சாலைக்கு நடந்து, தபால்காரர் டேலின் கையிலேயே கொடுத்தாள்.

"இந்தக் குளிர்ல தன்னந்தனியா இருக்கீங்களே, பயமா இல்லையா?"

"பழகிப்போச்சு. கூட்டம் வரப்போகுது, பாருங்க."

வண்டி கடிதத்தோடு மேட்டைத் தாண்டி மறைந்தது. லோர்னா திரும்பினாள். பூட்டிய கதவு திறந்து கிடந்தது. உள்ளிருந்த வெப்பம் குளிரில் வெண்மேகமாகப் புரண்டு படிகளில் இறங்கி, முற்றம் கடந்து, அவள் முழங்கால்வரை வந்து நின்றது. பிறகு அத்தனை மேகமும், கொஞ்சமும் சிதறாமல், மெல்ல உள்ளே திரும்பிப் போனது.