தொண்டையில் ஆறு பொட்டு

அப்பா அவளை ஒருநாளும் "மகளே" என்று கூப்பிட்டதில்லை. பிறந்த அன்றைக்குத் துணிச்சுருளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, எலி மாதிரி இருக்கு" என்றாராம். அன்றிலிருந்து முப்பத்தொன்பது வருஷமாக அவள் எலிதான். கோபம் வந்தால் "ஏய் எலி", கொஞ்சல் வந்தால் "எலிக்குட்டி", ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளில் "வாங்க டாக்டர் எலி". அதனால், மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டிலோரம் இருந்த சின்ன ஸ்பீக்கர் அப்பாவின் குரலில், "மகளே, கொஞ்சம் தண்ணீர் கொடு. நன்றி" என்று சொன்னபோது, எலியின் கையிலிருந்த டம்ளர் அந்தரத்தில் நின்றது.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "கேட்டியாடி? நன்றியாம்! எங்கண்ணன் வாயில இத்தனை வருஷத்துல வராத வார்த்தை. இப்பத்தான் மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கு."

"அவரு சொல்லல அத்தை."

"பின்ன நானா சொன்னேன்? நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே." அத்தை பையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அப்பா மீன் சந்தையில் ஏலம் கூறியவர். மைக் வைத்துக்கொள்வதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர். வாயைத் திறந்தால் பாதி வசவு, மீதி கிண்டல். திட்டு வாங்குவதற்கென்றே சிலர் அவர் பக்கம் வந்து நிற்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது, எல்லாம் நின்றுவிட்டது. மிஞ்சியது இரண்டே விஷயம். கண் இமை: ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டுமுறை என்றால் இல்லை. அத்தைக்கு இந்தக் கணக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இன்னொன்று தொண்டைத் தசையில் ஒரு மெல்லிய துடிப்பு, பேச நினைத்தால் மட்டும் வருவது, கண்ணுக்குத் தெரியாதது.

உடம்பு அனுப்பும் இப்படிப்பட்ட துடிப்புகளை இரைச்சலிலிருந்து சலித்தெடுப்பதுதான் எலியின் வேலை. ஆராய்ச்சிக்கூடத்தில் யார் யாருக்கோ செய்துகொண்டிருந்ததை அப்பாவுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொண்டையில் ஒரு பட்டை, அதில் ஆறு வட்டத் தகடு. அத்தை அதைப் பொட்டு என்பாள். பொட்டுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். துடிப்பு உள்ளே வரும், வெளியே எதுவும் போகாது. அப்பாவால் பாடம் சொல்லித்தர முடியாதே, அதனால் தினம் காலையில் எலியே அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து ஆயிரக்கணக்கான சொற்களைக் கற்றுக்கொடுத்தாள். குரலைப் பழைய செல்போன் பதிவுகளிலிருந்து எடுத்தாள். மெஷின் அவள் தொண்டையில் படித்துவிட்டு அவர் தொண்டையில் கேட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. நாம் பேச்சைக் கேட்கும்போது நடுவில் யாராவது இருமினால், விழுங்கப்பட்ட எழுத்தைக் காதும் மூளையும் தாமாகவே நிரப்பிக்கொள்ளும். கேட்டதாகவே சத்தியம் செய்வோம். அந்தத் திறமையை அவள் மெஷினுக்குக் கொடுத்திருந்தாள், ஒரு வரம்போடு: பத்தில் மூன்று பங்குதான் நிரப்பலாம். அதற்கு மேல் போனால் அது கேட்கவில்லை, கதை விடுகிறது என்று அர்த்தம்.

டம்ளரை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நிரப்பிய அளவைக் காட்டும் பத்தி ஓரத்தில் இருந்தது. வாக்கியங்கள் முழுசாக வர ஆரம்பித்த சந்தோஷத்தில் நாலு நாளாக அவள் அதைப் பார்க்கவே இல்லை. எந்தக் கற்றுக்குட்டியும் செய்யாத தப்பு. திங்கள் மூன்று. செவ்வாய் ஐந்து. நேற்று ஒன்பது. இன்று பத்தில் பத்து.

அப்பாவிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பொட்டுகளுக்குத் தடவும் பசையின் உப்பு வாடை அறை முழுக்க, எச்சில் காய்ந்த தலையணைபோல, இன்றைக்கு என்னவோ கூடுதலாக அடித்தது.

மேடத்துக்குப் போன் போட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. நாளைக் காலை ஒரு குழுவோடு வந்து அப்பா பேசுவதைப் படம் எடுக்கப் போகிறவள்.

"வரம்ப மீறுது மேடம். முழுக்க அதுவா பேசுது."

"பேச்சு சுத்தமா இருக்கா?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"அப்ப கை வைக்காத. நாளைக்கு முடியட்டும். வர்றவங்க பேச்சத்தான் கேக்கப் போறாங்க, யாரு பேசுனான்னு யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அப்பாவிடம் மிஞ்சியிருப்பது அவருடைய சொல் ஒன்றுதான். அதையும் எவனோ பறித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவள் என்ன மரக்கட்டையா?

கட்டிலருகே குனிந்தாள். "அப்பா. தண்ணி கேட்டது நீங்களா?"

இமை இரண்டு முறை மூடித் திறந்தது.

"நான்தான், மகளே" என்றது ஸ்பீக்கர். கனிவாக. அப்பாவின் குரலில் அவரிடம் இல்லாத கனிவு. "உனக்கு அலைச்சல் அதிகம். சற்று ஓய்வெடு."

அப்பாவின் கண்ணோரம் நனைந்தது. இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை.

எலிக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். வரம்பைப் பூஜ்யமாக்கினாள். இனி ஒரு எழுத்தையும் அது தானாக நிரப்ப முடியாது.

"ஏன் மகளே?" என்றது.

பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். ஆறு பொட்டும் கூரையைப் பார்த்துக் கிடந்தன. அவற்றின் கீழே மரப்பலகை, வேறொன்றுமில்லை. திரையில் ஆறு கோடுகள் ஓட ஆரம்பித்தன. நடுங்கின. ஏறின. இறங்கின. பலகைக்குத் தொண்டை முளைத்ததுபோல.

"எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது. நாளை எல்லோரிடமும் பேசுவேன்."

"பேசுவ, பேசுவ! எங்கப்பன் வாய வாடகைக்கு விட்ருக்குன்னு நெனச்சியா?" அவள் பிளக்கைப் பிடுங்கினாள். லேப்டாப்பின் பேட்டரியையும் கழற்றினாள். ஸ்பீக்கர் வயரை அறுத்தே விட்டாள்.

ஃபிரிட்ஜ் முனகல் மட்டும். அவள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "முடிஞ்சிது அப்பா. நாளைக்கு மேடம் வந்து குதிக்கட்டும். மறுபடி முதல்லேருந்து செய்வோம். ஒரு வருஷம் ஆனா ஆகட்டும். நீங்க கெட்ட வார்த்தையிலதான் பேசணும்."

அப்பாவின் இமை ஒருமுறை மூடித் திறந்தது. அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஈரமான, சின்னச் சத்தம். தொண்டையில் சளி புரள்வதுபோல.

அப்பாவின் கழுத்தில் பசை காயாத ஆறு வட்டத் தடங்கள். முதல் வட்டத்துக்குக் கீழே தோல் துள்ளியது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. வரிசை தவறாமல், யாரோ உள்ளிருந்து விரலால் தட்டிப் பார்ப்பதுபோல. எட்டு மாதமாக அசையாத தாடை இறங்கியது. உதடு பிரிந்தது.

"ம" என்றார் அப்பா. "மக. மகளே."

இமைகள் அடித்துக்கொண்டன. இரண்டு. இரண்டு. இரண்டு.

"இல்லன்னு தெரியுதுப்பா! எனக்குத் தெரியுது!" அவள் அவர் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. தோலுக்குக் கீழே துடிப்பு ஓடியது.

"நன்றி, மகளே. நன்றி. எனக்கு. நன்றாக."

அதன் சத்தத்தை அமுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே சத்தம் அப்பாவுடையதுதான். எழுந்து நின்றாள். அடிவயிற்றிலிருந்து கூவினாள். "யோவ், கண்ணப் பொடனியிலயா வச்சிருக்க? மீனப் பாருய்யா, மீன! துள்ளுது பாரு! ஒரு தரம்!"

அப்பாவின் கண் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் வாய் தடுமாறியது. "நன்... நன்..."

"ரெண்டு தரம்! கேக்க ஆளில்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா? ரெண்டு தரம்!"

வாய் நின்றது. தோலும் அடங்கியது. அவள் மார்பு நிறைய மூச்சை இழுத்தாள்.

"மகளே" என்றாள்.

சொன்னது அவள் வாய்தான். அவள் சொல்ல வந்தது அதுவல்ல. தன் கழுத்தைத் தொட்டாள். காலைதோறும் பட்டை உட்கார்ந்த இடம். தோல் துள்ளியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"சற்று ஓய்வெடு" என்றது அவள் வாய். கனிவாக.

அவள் நாக்கைக் கடித்தாள். ரத்தம் கரித்தது. விழுங்கினாள். பல்லைப் பூட்டினாள், உதட்டைப் பூட்டினாள், இரண்டு கையாலும் தாடையை ஏந்திப் பிடித்தாள். மூடிய வாய்க்குள் நாக்கு எழுந்தது. மேலண்ணத்தைத் தொட்டது. இறங்கியது. மறுபடி எழுந்தது. சொற்களாகச் செய்துகொண்டே இருந்தது. கட்டிலில் அப்பாவின் வாயும் அதே அசைவில் திறந்து மூடியது.

வெளிக்கதவு திறந்தது. அத்தையின் பை தரையில் விழுந்தது.

"எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது, தங்கையே" என்றார் அப்பா.

"அண்ணே!" அத்தை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "பேச்சு வந்துருச்சா! மெஷின் இல்லாமயே! ஏண்டி, பாத்தியாடி உங்கப்பன!"

எலி அத்தையின் முகவாயைப் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும் திருப்பினாள், அப்பாவின் வாயிலிருந்து அவர் கண்களுக்கு. இங்கே பார், இங்கே. இமைகள் அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு. இரண்டு. இரண்டு.

"ஆமாண்டி, பாக்கறேன்" என்று அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். "கண்ணு படபடக்குது பாரு, சந்தோஷத்துல." பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நீ ஏன் இப்படி ஊமை மாதிரி நிக்கற? வாயத் திறந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசேண்டி."

எலி தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. பல்லை இன்னும் இறுக்கிக் கடித்தாள்.