போதுமா, செல்வி?

வீரபாண்டி பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அன்புசெல்வி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். தினம் போய்வந்த வழிதான். டீக்கடை, பேக்கரி, சாயம்போட்ட துணி காயும் மொட்டைமாடி எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தன. கூட வருகிற ஆள்தான் இல்லை. டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்கு நடந்தாள்.

பழைய தறிக்குடோன் அது. தறிகளைக் கழற்றிவிட்டுத் தையல் மெஷின்களைப் போட்டுப் பனியன் கம்பெனி ஆக்கியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மெஷின் ஆயிலும் புதுத்துணியும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. அதோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொரு வாசனை வரவில்லை. அவள் புருஷன் டேனியல் எந்நேரமும் வாயில் ஒரு துண்டு அதிமதுரம் அடக்கியிருப்பான். தொண்டைக்கு நல்லது என்பான்.

அவனுடைய மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. அதற்குப் பக்கத்து மெஷின் அவளுடையது.

"ஏத்தா, வந்துட்டியா?" என்று ஒச்சாயி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், எதிர் மெஷின்காரி. அன்புசெல்வியின் மகள் வினிதாவைப் பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்துக்கொள்வது ஒச்சாயியின் மாமியார்தான். இரண்டு குடும்பமும் ஒரே லைன் வீடு.

திருப்பூரில் கரண்டு இல்லாமல்கூட ஒரு மணி நேரம் கம்பெனி ஓட்டிவிடலாம், பாட்டு இல்லாமல் ஓட்ட முடியாது. இந்தக் கம்பெனியில் அதற்கும் மேலே ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிகிற கடைசி அரைமணி நேரத்துக்கு டேனியலின் பென்டிரைவ்தான் ஓடும். அதில் இருப்பதெல்லாம் கடைசிப் பாட்டுகள். ஊர் உலகத்தில் எல்லோரும் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேட்பார்கள். அந்த மகராசன் கடைசிப் பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பான்.

"மொதல் பாட்டு நம்மளைக் கடைக்குள்ள இழுக்கறதுக்குப் போடறதுங்க. கடைசிப் பாட்டு அப்படி இல்லீங்க. இதுவரைக்கும் எவன் கேக்கப் போறான்னு நெனச்சு, பாடறவன் மனசுல கெடக்கறதைக் கொட்டிருப்பான்" என்பான்.

சர்ச் ஆல்பம், ஆடி மாசத்து அம்மன் ஆல்பம், சினிமா, நாட்டுப்புறம் என்று ஒன்றையும் அவன் விட்டதில்லை. ஒச்சாயிக்குப் பிடித்தது ஒரு அம்மன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, சாமி மலையேறுகிற பாட்டு. அது வந்தால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டுவாள். சூப்பர்வைசர் முருகவேலுக்கு, பாடுகிறவர் நிறுத்திய பிறகும் புல்லாங்குழல் மட்டும் தனியாகப் போகிற ஒன்று. அயர்ன் டேபிள் பீகார்க்காரர்கள் கொடுத்த இந்திப் பாட்டுக்கு ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் அது ஓடும்போது எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக டேனியலே கட்டிப் பாடிய பாட்டு வரும். வீட்டுச் சமையல்கட்டில் போனில் பதிந்தது. நடுவில் குக்கர் ஒரு விசில் அடிக்கும்.

*கடைசித் தையல் போட்டாச்சு, நூலைக் கடிச்சு விட்டாச்சு*
*ஊட்டு வெளக்கு தெரியுது, போலாம் வா கண்ணு.*

பாட்டு முடிந்ததும், "போதுமா, செல்வி?" என்று கேட்பான். பதியும்போது அத்தோடு அன்புசெல்வி போனை அமுக்கிவிட்டிருந்தாள், பதிவு அங்கேயே நின்றுபோனது. கம்பெனியில் இது பெரிய கேலி. அந்தக் கேள்வி வந்ததும் லைன் முழுக்க, "போதாது, இன்னொன்னு!" என்று கத்தும். டேனியல் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிவான். எல்லோரும் ஊசிக்குக் கீழே ஒரு வெள்ளை வேஸ்ட் துணியை வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கிவிட்டு எழுவார்கள். முருகவேல் மெயினை அணைப்பார். கடைசிப் பாட்டு முடியாமல் எவரும் கிளம்பியதில்லை.

அப்படிப்பட்ட மனுஷனைப் பல்லடம் ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்கள். கடைசி நாள் அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான். எதையோ சொல்ல வந்தான். அவள் காதைக் கொண்டுபோய் வாயருகில் வைத்தாள். காற்றுதான் வந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

சாவைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். சொல்ல வந்தது என்ன என்பதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. ஐப்பசி மழை வருவதும் போவதுமாக இருக்க, சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி அரைமணி நேரம் வந்ததும் முருகவேல் அவளிடம் வந்து நின்றார்.

"அக்கா, இன்னைக்கு அந்தப் பென்டிரைவ் வேண்டாமுங்க. ரேடியோ போட்டுக்கலாம்."

"போடுங்க தம்பி. நான் அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஓடியது. அம்மன் மலையேறினாள், புல்லாங்குழல் தனியாகப் போனது, இந்திப் பாட்டு வந்து முடிந்தது. அப்புறம் டேனியல் பாடினான், குக்கர் விசில் அடித்தது. லைனில் பாதிப்பேர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள்.

"போதுமா, செல்வி?"

யாரும் கத்தவில்லை. எப்படிக் கத்துவார்கள்? அந்த மௌனத்தை அன்புசெல்வியால் தாங்க முடியவில்லை. அவன் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது போல இருந்தது. பழக்கதோஷம் என்பார்களே, அதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போதாதுங்க. இன்னொன்னு பாடுங்க."

ஒச்சாயி சட்டென்று திரும்பினாள். "அடி ஆத்தீ, செத்தவுகளைப் போயி..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முருகவேல் மெயினை அணைத்தார். எல்லோரும் கிளம்பினார்கள். டிபன் பையை எடுக்க அன்புசெல்வி மட்டும் திரும்பி வந்தாள். தகரக் கூரையில் மழை சொட்டுகிற சத்தம். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

அதிமதுர வாசனை வந்தது.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

*கடைசித் தையல் போட்டாச்சு...*

அவன் குரலேதான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு நடுப்பகுதிக்கு வந்தது.

குக்கர் விசில் அடிக்கவில்லை.

அந்த இடத்தில் புதிதாக ஒரு அடி வந்தது. அவன் உயிரோடு இருந்தபோது பாடாத அடி.

*ஊட்டு வெளக்கு எங்கிருக்கு, வழி இருட்டா இருக்குது கண்ணு.*

பயந்து ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவளுக்குப் பயமே வரவில்லை, அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். உறை மூடிய மெஷினுக்குப் பக்கத்தில், தன் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். "போதுமா, செல்வி?" என்று வந்தபோது, அழுகையும் சிரிப்புமாக, "போதாதுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து, "பிசிறு வெட்டிட்டு வர்றேன், நீங்க போங்க" என்று தினமும் தங்க ஆரம்பித்தாள். முருகவேல் ஒருதரம் சந்தேகமாகப் பார்த்தார், பாவம் அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டார். பாட்டு நாளுக்கு நாள் நீண்டது. ஒருநாள் அவர்கள் கல்யாணத்தன்று சேவூரில் பெய்த மழையைப் பாடினான். இன்னொரு நாள் வினிதாவுக்கு முதல் பல் முளைத்ததைப் பாடினான். ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் பாடவில்லை. அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். அடுத்த பாட்டில் சொல்லிவிடுவான், அன்றைக்குச் சொல்ல வந்தது இன்னும் ஒரே ஒரு பாட்டு தள்ளித்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் இன்னொன்று கேட்டாள்.

வினிதா, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டுக் கேட்டு ஒச்சாயி வீட்டில் சாப்பிடாமலே தூங்கிப்போனாள். மழைக்காலச் சளி வேறு பிள்ளைக்கு. அதெல்லாம் அன்புசெல்விக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடியாமல் எப்படிக் கிளம்புவது?

பிறகு குரல் மாறத் தொடங்கியது.

முதலில் லேசாகக் கட்டிக்கொண்டது. அடுத்த நாள் மேல்ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் உடைந்தது. அதற்கடுத்து, அடிகளுக்கு நடுவே இருமல் வந்தது. ஈரமான இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் அவன் மெஷினின் மேல் போட்ட உறை அசைந்தது.

அவள் எழுந்து போய், போன் வெளிச்சத்தில் உறையை விலக்கினாள். அவன் இறக்கிவிட்டுப் போன மெஷின் பாதம் இப்போது தூக்கியபடி இருந்தது. ஊசிக்குக் கீழே அவன் கடைசியாக வைத்துவிட்டுப் போன வெள்ளைத் துணி.

அதில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு.

தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது.

"போதுமா, செல்வி?"

குரல் என்று சொல்ல முடியாது அதை. குழாய்க்குள்ளிருந்து வருகிற காற்று போல இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது. பாவி மனசு கேட்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே, அதைச் சொல்லிருங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. மறுபடி ஆரம்பித்தான்.

*கடைசித் தையல்... கடைசி... கடைசி...*

அடுத்த வார்த்தைக்குப் போக முடியாமல் அங்கேயே திணறினான்.

கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஒச்சாயி நின்றிருந்தாள். தோளில் வினிதா தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அம்மா வேண்டும் என்று அழுது அடம்பிடித்ததால் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே ஒரு அடி வைத்தவள் அப்படியே கல்லாகிவிட்டாள். அவள் காதிலும் அது விழுந்தது.

"ஏத்தா..." ஒச்சாயியின் குரல் கிசுகிசுத்தது. "எத்தனை நாளா இது?"

அன்புசெல்வி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் தொண்டை கிழியப் பாடுதே, உனக்குக் கேக்கலையா? நீ கேட்டா இல்லேன்னு சொல்லத் தெரியாத ஆளுத்தா அது. உசுரோட இருக்கையிலேயே சொன்னதில்லையே!"

அதுதான். அது உண்மைதான். அவள் கேட்டு அவன் எதை மறுத்திருக்கிறான்? இன்னொன்று, இன்னொன்று என்று தானே அவனை அந்த இருட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போகலாம் வா என்று பாடிய வாயை, வீடு எங்கே என்று தேடவைத்தவள் அவள்தான்.

*கடைசி... கடைசி...*

"நிறுத்துங்க சாமி" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஸ்பீக்கர் அமைதியானது. இருட்டில் யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"போ...து...மா?"

சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தை இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. அன்புசெல்வி அவன் மெஷின்மேல் தலையைச் சாய்த்தாள், அவன் தோளில் தலை வைப்பது போல.

"போதுங்க" என்றாள். "எனக்குப் போதுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

மூச்சுச் சத்தம் நின்றது.

பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மழை சொட்டியது. அதிமதுர வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மெஷின் ஆயில் வாசனை மட்டும் மிஞ்சியது. ஊசிக்குக் கீழே இருந்த துணி வெள்ளையாக, உலர்ந்து கிடந்தது. மெஷின் பாதம் தூக்கியபடியே இருக்க, அவள் உறையை மெதுவாக இழுத்து மூடினாள். ஒச்சாயி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் முருகவேல் வழக்கம்போலப் பென்டிரைவைச் சொருகினார். அன்புசெல்வி தடுக்கவில்லை. இனி அது வெறும் பாட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். அம்மன் மலையேறினாள், புல்லாங்குழல் போனது, பீகார்க்காரர்கள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர்கள் பாட்டைக் கேட்டார்கள். டேனியல் பாடினான். குரல் பழையபடி தெளிவாக இருந்தது. குக்கர் விசில் சரியான இடத்தில் அடித்தது.

"போதுமா, செல்வி?"

அங்கே பதிவு முடிந்துவிடும். முருகவேல் மெயினில் கை வைத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

ஸ்பீக்கரில் மழை சொட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஒரு பெண் அழுகிற சத்தம். "போதுங்க. எனக்குப் போதுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

லைனில் எல்லோரும் அன்புசெல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாயியின் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. "அங்க மைக்கே இல்லையேத்தா..." என்று முனகினாள்.

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு டேனியல், வேலை முடிந்து செருப்பு மாட்டுகிறவன் போல, சாதாரணமாகச் சொன்னான்.

"சரி கண்ணு. ஒச்சாயி அக்கா தோள்ல பாப்பா தூங்கறா பாரு, ஈரக்காத்து ஆகாது அவளுக்கு. காதை மூடிக் கூட்டிட்டுப் போ."

லைனில் ஒருவரும் எழவில்லை. உறை மூடிய மெஷினின் பாதம் தானாக 'டக்' என்று இறங்கியது.