இறக்கைக்குள் இருந்து வந்த பதில்

நல்லகாமன் தட்டுவதற்கு முன்பே பதில் போய்விட்டது.

வெளியே நின்ற முபீன், ரப்பர் சுத்தியலால் விமான இறக்கையின் அடித்தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே, எரிபொருள் தொட்டிக்குள் குப்புறக் கிடந்த நல்லகாமன், பதிலுக்குத் தட்டப் பிளாஸ்டிக் சுரண்டியைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே இருக்க, இறக்கையின் நுனிப்பக்கத்து இருட்டிலிருந்து, டொக், டொக் என்று கேட்டது.

"சரி மாப்ள!" என்றது முபீனின் குரல், கிணற்று மேட்டிலிருந்து கூப்பிடுவதுபோல.

தகடாக இருக்கும் என்று நல்லகாமன் நினைத்துக்கொண்டான். மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பொட்டலில் உச்சி வெயில். தகரக் கூரை போட்ட அந்த ஹேங்கரே ஒரு அடுப்பு. அதற்குள் நிற்கும் விமானம் அங்கங்கே முறுக்கிக்கொண்டு சத்தம் போடத்தான் செய்யும்.

ஆனாலும் அந்த இரண்டு தட்டு சாதாரண விஷயமில்லை. உள்ளே பேசுவதற்கான வயர்லெஸ் பழுதுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. அது திரும்பி வராததால் இவர்களாகவே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் அது. வெளியே இருப்பவன் தட்டுவான். உள்ளே இருப்பவன் பதில் தட்ட வேண்டும். பதில் வந்தால் ஆள் தெளிவாக இருக்கிறான். வராவிட்டால் எண்ணெய் நெடி ஏறி மயங்கிவிட்டான் என்று பொருள். முபீன் மணியை அடிப்பான், நாலு பேர் ஓடிவந்து காலைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே ஒருவன்தான் போகலாம். எப்போதும் ஒருவன்தான்.

காலையில் இவன் உள்ளே ஏறும்போது முபீன் சிரித்தான். "நீ இம்புட்டு ஒல்லியா இருக்கப் போயி இந்த வேலை கெடச்சுச்சு. வீட்ல நாஸியா போடுற நெய்ச்சோத்துக்கு எனக்கு இந்த ஓட்டையில கால்கூட நுழையாது."

"நாளைக்கு மகளுக்குக் காதுகுத்து மாமா, மறந்துறாத. அழகர்கோவில்ல. உனக்குன்னு பாய் கடையில பிரியாணி சொல்லியிருக்கேன்."

"அப்பக் குடும்பத்தோட வாரேன். செல்போனக் குடு, பையில வேற என்ன இருக்கு? ஒரு பொறி பட்டா நீயும் இல்ல, நானும் இல்ல."

சாயங்காலம் திருப்பரங்குன்றத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். நாளைக்கு மகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை நினைத்துக்கொண்டேதான் உள்ளே நெளிந்தான்.

இறக்கை என்றால் வெறும் தகடு என்று அவனும் ஒரு காலத்தில் நினைத்திருந்தான். உள்ளே முழுக்கத் தொட்டி. குறுக்கே தடுப்புச் சுவர்கள், ஒவ்வொரு சுவரிலும் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஒரு ஓட்டை, அடியில் உள்ளங்கை அகலத்தில் சின்னக் கதவுகள். அந்தக் கதவுகள் ஒரு பக்கமாகத்தான் திறக்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எரிபொருள் நுனிக்கு ஓடிவிடாமல், உடலோடு இறக்கை சேரும் இடத்திலுள்ள பம்பு அறைக்கே வந்து சேர வேண்டும் என்பதற்காக அப்படி. நுனியில் இருப்பது உள்ளே வரும். வந்தது திரும்பிப் போகாது.

அவன் கிடந்தது அந்தப் பம்பு அறையில். ஏறி வந்த வாசல் இரண்டு சுவர் தள்ளி, நுனிப்பக்கமாக இருந்தது. அங்கே முட்டை வடிவத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

இந்த விமானம் இரண்டு மழைக்காலம் ஓடாமல் நின்றது. தொட்டிக்குள் ஈரம் வேர்த்துத் தண்ணீராகி அடியில் தங்கும். தினமும் கீழ்க்குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். நின்றுபோன விமானத்துக்கு யார் வடிப்பது? தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒன்று பிடிக்கும். பாசி என்பார்கள். எண்ணெயைத் தின்றே வளர்வது. பம்பின் வலையை அடைக்கும், தகட்டையே அரிக்கும். அதைச் சுரண்டி எடுக்கத்தான் அவன் வந்தான். எத்தனையோ விமானத்தில் எடுத்திருக்கிறான். மாஸ்க்கைத் தாண்டி மண்ணெண்ணெய் நெடி நாக்கில் ஏறும், வேர்வை கண்ணுக்குள் இறங்கும், கையுறைக்குள் பாசி ஐஸ் மாதிரிச் சில்லென்று வழுக்கும்.

இது சில்லென்று இல்லை. உடம்புச் சூட்டில் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். உள்ளே நல்ல காற்றைத் தள்ளும் பிளோயரின் இரைச்சலுக்கு அடியில், எங்கேயோ நுனியில், டப் என்று ஒரு சத்தம். சின்னக் கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம். எண்ணெய் ஓடினால்தான் அது திறக்கும். தொட்டியில் எண்ணெய் இல்லை.

கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக் கேட்டான். இரைச்சல் மட்டும். சரி, பிரமை என்று சுரண்டியை மறுபடி பிடித்தான்.

டப்.

இந்தத் தடவை பக்கத்தில்.

முபீன் வெளியே தட்டினான். நல்லகாமன் பதில் தட்டவில்லை. வேண்டுமென்றே தட்டவில்லை. மணி அடிக்கட்டும், ஆட்கள் வரட்டும், காலைப் பிடித்து இழுக்கட்டும், பிறகு கேலி பண்ணினாலும் பரவாயில்லை.

டொக். டொக்.

நல்லகாமன் தட்டும் இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு சின்ன இழுவை உண்டு. இந்த வேலைக்கு வருமுன் வருடக்கணக்காக மண்வெட்டி பிடித்து மரத்துப்போன மணிக்கட்டு; இரண்டாவது தட்டு எப்போதும் தாமதமாகத்தான் விழும். இப்போது கேட்டதும் அப்படியே தாமதமாக விழுந்தது.

"சரி மாப்ள!"

"மாமா!" என்று கத்தினான். மாஸ்க்குக்குள் கத்தியது பிளோயர் இரைச்சலில் கரைந்தது. பம்பு அறையில்தான் உடம்பைத் திருப்ப இடம் உண்டு. முழங்காலை நெஞ்சோடு மடக்கி, தோளை உரசித் திரும்பினான். இரண்டு ஓட்டைகளுக்கு அப்பால் வாசல் வெளிச்சம் தெரிந்தது.

டப்.

வெளிச்சம் அணைந்தது.

அணையவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஒரு முதுகு. வெள்ளைப் பருத்தி உடுப்பு. அது நிதானமாகக் கால்களை வாசலுக்குள் இறக்கியது. வலது முழங்காலில் நீலத் துணியில் ஒரு ஒட்டு, மனைவி முத்துச்செல்வி கையால் தைத்தது. நல்லகாமன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். ஒட்டு அங்கேயும் இருந்தது.

அது கீழே இறங்கியது. வெளிச்சம் திரும்ப வந்தது.

"என்னடா, அதுக்குள்ள முடிச்சுட்ட?" முபீனின் குரல்.

"முடிஞ்சிருச்சு மாமா."

குரல் அவனுடையது.

பிளோயர் நின்றது. ஆள் வெளியே வந்தால் நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியில் நெடி நாலு பக்கமிருந்தும் எழுந்தது. நல்லகாமன் ஊர்ந்தான். ஒரு சுவர் தாண்டினான். மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டுக் கத்த வாயைத் திறந்தான். நெடி ஏறிக் குரல் எழவில்லை, காற்றுதான் வந்தது. சுரண்டியால் தட்டினான். ஓயாமல் தட்டினான்.

"உள்ள என்னமோ தட்டுதே?"

"தகடு மாமா. வெயிலுக்கு விரியுது."

"தலைய விட்டு ஒரு தரம் பாத்துறட்டா? சுரண்டி கிரண்டி கெடக்கப் போகுது."

"நான் பாத்துட்டேன். உள்ள ஒண்ணுமில்ல."

முபீன் பார்த்திருப்பான். வேறு யார் சொல்லியிருந்தாலும் பார்த்திருப்பான். சொன்னது நல்லகாமன்.

"சரி, மூடிய மாட்டிர்றேன். அந்தா மேசையில செல்லு. உன் வீட்டுக்காரி விடாம அடிச்சுக்கிட்டே இருக்கா."

கடைசிச் சுவரின் ஓட்டையில் தோள் சிக்கியது. அங்கிருந்து வாசல் வழியாகச் சாய்வாகத் தெரிந்தது: சிமெண்டுத் தரை. கொஞ்சம் தள்ளி மேசை. செல்லை முகத்துக்கு நேரே பிடித்து நிற்கும் ஒருவன். மாஸ்க்கைக் கழற்றியிருந்தான். முதுகுதான் தெரிந்தது. திரை தெரிந்தது.

"எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்?" முத்துச்செல்வி. "இந்தாங்க, உங்க மக தூங்கமாட்டேங்குறா. மொகத்தக் காட்டுங்க."

திரையில் குழந்தை.

அவளுக்குத் தெரியும். நல்லகாமனுக்கு மனதில் அது ஒன்றுதான் ஓடியது. பெரியவர்கள் ஏமாறலாம். அவள் ஏமாறமாட்டாள். வேற்றாளைக் கண்டால் வீறிட்டு அழுவாள். அழட்டும். அழு. அழு தாயி. முபீன் திரும்பிப் பார்ப்பான்.

முபீன் மூடியைத் தூக்கினான். முட்டை வெளிச்சம் பாதியானது.

குழந்தை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

வெளிச்சம் கீற்றானது.

"வாரேன் தாயி," என்றது அது. "அப்பா வீட்டுக்கு வாரேன்."

குழந்தை சிரித்தாள். தூக்கச் சொல்லி, இரண்டு கைகளையும் அதை நோக்கி நீட்டினாள்.