சின்னவள் கொடுத்த ரத்தம்

காலையில் படுக்கையைத் தட்டிப் போடும்போதுதான் பெரியவள் அதைப் பார்த்தாள். வெள்ளைத் தலையணை உறையில், அவள் கன்னம் அழுந்திக் கிடந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு. எண்ணெய்க் கறை இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்தே வெகுநாள் ஆகிறது. முகர்ந்து பார்த்தாள். பழக்கூடையின் அடியில் மறந்துபோன ஏதோ ஒன்று நசிந்து கிடப்பதுபோல, தித்திப்பும் ஊசலும் கலந்த ஒரு வாடை லேசாக வந்தது.

"அம்மா, இது என்ன கறை?"

அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். "எது?"

"இதோ, மஞ்சளா."

"வெள்ளை வெளேர்னு இருக்கு. நேத்துதானே துவைச்சுப் போட்டேன்? போய் முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா."

அழுக்கு விஷயத்தில் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கடுகளவு தேநீர்த் துளி விரிப்பில் விழுந்தால்கூட வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், மூக்குக்கு நேரே பிடித்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியவளுக்கு அது பிடிக்கவில்லை.

பெரியவள் போட்டிகளில் பளு தூக்குகிறவள். தெருவில் பாதிப் பேருக்கு அவளைப் பார்த்தால் பெருமை, மீதிப் பேருக்குப் பயம். சின்னவள் அவள் தங்கை, முகத்தில் அக்காவின் அச்சு, உடம்பில் அக்காவில் பாதி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணை உற்றுப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

பளு தூக்கும் கூடத்தில் யானை என்று ஒரு மூத்த வீரர் இருந்தார். போட்டிக் காலம் வந்தால் எங்கிருந்தோ ஒரு சின்ன மருந்துப் புட்டி கொண்டுவருவார். 'வெறும் சத்து ஊசிதான், பயப்படாதீங்க' என்பார். எல்லோருக்கும் ஒரே ஊசி. முதலில் தனக்குக் குத்திக்கொள்வார், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் முனையை ஒரு இழுப்பு இழுப்பார், அடுத்தவரைக் கூப்பிடுவார். இரும்போடு புழங்குகிறவர்களுக்கு, துடைத்துவிட்டால் எதுவும் சுத்தம்தான். யானைக்கு அடுத்தபடியாக நிற்பது ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தைப் பெரியவள் ஒருபோதும் யாருக்கும் விட்டதில்லை.

அப்புறம் யானைக்குக் கை கால் வற்றியது, வயிறு மட்டும் பானையாக உப்பியது. கண் இரண்டும் முட்டை மஞ்சள்கருவாக மாறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லீரல் போய்விட்டது, ரத்தத்தில் கிருமி என்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது: கூடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பழுது என்று தெரிந்தால் அணியில் இடமில்லை.

தேர்வுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பல வருஷ உழைப்பு, ஒரு சொட்டு ரத்தத்தில் போய்விடும். பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தொளதொள மேல்சட்டை, முகக்கவசம், பெரியவளின் அடையாள அட்டை. சின்னவள் லேபுக்குப் போய் வரிசையில் நின்று, அக்கா பெயரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. மாஸ்டர், அதாவது பயிற்சியாளர், பெரியவளின் முதுகில் தட்டி, "பச்சக் குழந்தைக்குக்கூட இப்படி ஒரு ஈரல் இருக்காது போ" என்றார். பெரியவளும் சிரித்தாள். போட்டி முடியட்டும், தனியாக எங்காவது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் இந்தத் தலையணை.

குளியலறையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. சொறிந்தால் அடங்கும் அரிப்பில்லை, தோலுக்கு அடியில் எறும்பு வரிசை போவதுபோல ஊர்ந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழியின் ஓரத்தில் மஞ்சள் கோடு. மறுநாள் கோடு பரவியிருந்தது. அதற்கு மறுநாள் விழியில் வெள்ளையே இல்லை.

அந்தக் கண்ணோடுதான் சாப்பிட உட்கார்ந்தாள். அப்பா எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். தேர்வுக்கு யார் யார் வரப்போகிறார்கள், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது, எல்லாம் பேசினார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இன்னொரு முட்டையை உரித்துத் தட்டில் வைத்து, "நல்லா மினுமினுன்னு ஆயிட்ட" என்றாள். சின்னவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறார்களா?

இருக்கலாம். மாஸ்டருக்குப் பதக்கம் வேண்டும். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். தேர்வு முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஏதாவது ஏற்பாடு நடந்திருக்கலாம். அப்படியென்றால் இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முட்டை உரித்துக் கொடுக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் முட்டையைத் தட்டோரமாக ஒதுக்கினாள்.

கூடத்தில் அன்று மாலை எடைத்தட்டு மாட்டிய பாரைப் பிடிக்குமுன், பிடி வழுக்காதிருக்கக் கையில் சாக் பொடியைத் தேய்த்துக்கொண்டாள். உலர்ந்து வெள்ளையாக நிற்க வேண்டிய பொடி, கையில் பட்டதும் ஈரம் கொண்டு, பிசுபிசுத்து, மஞ்சள் களிம்பாகி விரல் இடுக்கில் வழிந்தது. இரும்பிலும் அது ஒட்டியது, ஒட்டிய இடத்திலிருந்து அந்தத் தித்திப்பு வாடை மெதுவாகக் கிளம்பி, வியர்வை நாற்றத்தையும் ரப்பர் விரிப்பின் நாற்றத்தையும் மீறிக்கொண்டு கூடம் முழுக்க நின்றது. அவள் பாரைக் கீழே விட்டாள். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொடி நல்லாத்தானே பிடிச்சிருக்கு? பின்ன ஏன் விட்டே?"

அவர் விரலிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

பேருந்தில் திரும்பும்போது பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்தாள். முன்பின் தெரியாதவள். பரிசோதனை பற்றியோ முடிவு பற்றியோ அறியாதவள். இவளாவது சொல்வாள் என்று பெரியவள் முகத்தைத் திருப்பி நேராக அவளைப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், காரணம் எதுவும் சொல்லாமல், எழுந்து போய் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்தில் பாதி இருக்கை காலி. இறங்கும்வரை அவள் உட்காரவே இல்லை.

டாக்டரிடம் போனாள். தெருமுனை டாக்டர், சிறு வயதிலிருந்து பார்ப்பவர். அவர் கட்டைவிரலால் இமையை இழுத்து டார்ச் அடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வலது விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். அங்கே கல்லைப்போல ஏதோ திரண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது, வலியில் கண்ணீர் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. கண்ணு பளிச்சுனு இருக்கு. அதான் ரிப்போர்ட்டே நல்லா வந்திருக்காமே, உங்கப்பா சொன்னாரு."

"அது என் ரத்தம் இல்ல டாக்டர்."

"பின்ன யாரோடது?" அவர் சிரித்தார்.

"என் தங்கச்சியோடது. அவளை அனுப்பி ஏமாத்திட்டேன்."

அவர் சிரிப்பு குறையவில்லை. "போட்டி கிட்ட வந்தா இந்த மாதிரி மனசு என்னென்னமோ சொல்லும். நல்லாத் தூங்கு." பெரியவள் வெளியே வந்ததும், உள்ளே ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்படியானால் ஒருத்திதான் பாக்கி. எல்லோருக்கும் தெரியாமல் போகலாம், மறந்து போகலாம், நடிக்கவும் செய்யலாம். சின்னவளுக்குத் தெரியும். கையை நீட்டியவள் அவள்தான். யோசித்துப் பார்த்தால், ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் அக்காவின் கண்ணைப் பார்த்துப் பேசவே இல்லை.

இருட்டுகிற நேரம். சின்னவள் வேலை முடிந்து வந்து அறையில் சீப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

"என் கண்ணைப் பாருடி."

"பார்த்துட்டேன்க்கா."

"எங்க பார்த்தே? காதைப் பார்க்கறே. கண்ணைப் பாரு. என்ன நிறம்?"

சின்னவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ரிப்போர்ட்ல எப்படி இருக்கோ, அப்படித்தான்."

"அது உன் ரத்தம்டி!"

"இல்லக்கா. உன் ரத்தம்."

"என்னடி உளர்றே?"

"நீதானே சொன்னே? யார் கேட்டாலும் அக்கா ரத்தம்னுதான் சொல்லணும். நானே வந்து கேட்டாலும் மாத்திச் சொல்லாதேன்னு, என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினியே."

பெரியவளுக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. கெஞ்சியது நினைவிருக்கிறது, கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. சத்தியம் வாங்கினாளா? வாங்கியிருக்கலாம். பயத்தில் எதை எதையோ பேசினோமே. ஆனால் இப்போது சின்னவள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் இருந்தது, அது சத்தியத்துக்குப் பயந்த நடுக்கமா, வேறு எதற்கோ பயந்ததா என்று பிடிபடவில்லை. சின்னவள் அவளைத் தொடாமல், சுவரோடு ஒட்டி நகர்ந்து, வெளியே போய்விட்டாள். அவள் கன்னம் நல்ல சிவப்பாக இருந்ததைப் பெரியவள் அப்போதுதான் கவனித்தாள். முன்னெல்லாம் வெளுத்துப்போய் இருப்பாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "எனக்குத் திரும்ப ரத்தம் எடுக்கணும். உங்க எல்லார் முன்னாடியும் எடுக்கணும்." தேர்வு போனால் போகட்டும். அணி போனால் போகட்டும். உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது. யானையின் வயிறு கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அம்மா அழுதாள். அப்பா, "சரி, அவ திருப்திக்கு எடுத்துடலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் போனார்கள். மாஸ்டரும் வந்தார். அன்று சின்னவளிடம் ரத்தம் எடுத்த அதே லேப்காரர்தான். குறுகலான அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், தலைக்கு மேல் ரீங்கரிக்கும் குழல்விளக்கு, மருந்து நெடி. சுவரின் வெள்ளைக்குப் பக்கத்தில் தன் கை எப்படி இருக்கிறது என்று பெரியவள் பார்த்தாள். பழுத்த இலை நிறம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"போன தடவையும் நீங்கதானே? நல்ல நரம்பு உங்களுக்கு" என்றார் லேப்காரர்.

"போன தடவை நான் இல்ல."

அவர் அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

ரப்பர் பட்டை. இறுக்கினார். பஞ்சின் குளிர்ச்சி. ஊசி.

வலிக்கவில்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது.

குழாயில் ஏறியது. மெதுவாக. கெட்டியாக. சிவப்பு இல்லை. சிவப்பின் சாயல்கூட இல்லை. அழுகிய முட்டையை உடைத்து ஊற்றியதுபோலக் கலங்கலான மஞ்சள், நடுவில் கருப்புத் திரிகள் புரண்டுகொண்டு. வாடை கிளம்பியது. அந்தத் தித்திப்பு. தலையணையில் இருந்தது இதில் நூறில் ஒரு பங்கு. அறைக்குள் காற்றே இல்லாமல் போனது.

அப்பாடா. இப்போது தெரிந்துவிடும். இனி யாரும் நடிக்க முடியாது. பெரியவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவே அழுதாள்.

லேப்காரர் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு ஆட்டு ஆட்டினார்.

"நல்ல ரத்தம்" என்றார். "எவ்ளோ சிவப்பு பாருங்க."

அம்மா கைகூப்பினாள். அப்பா பெருமூச்சு விட்டுச் சிரித்தார். மாஸ்டர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். எல்லோரும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அந்த வாடையை நெஞ்சு நிறைய மூச்சாக இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

"சின்னவளே." பெரியவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நீ ஒருத்தி சொல்லு."

சின்னவள் கதவோரமாக நின்றிருந்தாள். முதல் முறையாக அக்காவின் கண்ணை நேராகப் பார்த்தாள். கைக்குட்டையை மடித்து மூக்கோடும் வாயோடும் சேர்த்து இறுகப் பொத்தியிருந்தாள். குமட்டலில் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"நல்ல ரத்தம்க்கா" என்றாள், துணிக்குள்ளிருந்து.