பேரைச் சொல்லிக்கிட்டே நடக்கணும்

அடுக்கம் கிராமத்துக்கு இறங்கும் ரோட்டில், ஒரு கொண்டையூசி வளைவைத் தாண்டி, குகன் ஜீப்பை ஓரங்கட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சஃபீர் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கடையைச் சாத்திவிட்டு, கொடைக்கானல் பஜாரிலிருந்து நேராக வந்திருந்தான். சரக்கு எடுக்கப் பழனிக்குப் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தான். அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது இல்லைதான். ஆனாலும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

சஃபீருக்கு ஒரு குறையும் கிடையாது. மலைத்தேன், மிளகு, கடுக்காய் விற்கிற கடை நன்றாகவே ஓடியது. கடனில்லை, நோயில்லை, மனைவி ஷம்ஷாத் தங்கமானவள், ஒரே மகள் ஜஹீரா. இல்லாதவன் பேராசைப்பட்டால் மன்னிக்கலாம். இவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

குகன் பின்சீட்டிலிருந்து மிஷினை எடுத்தான். டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிச் சேர்த்த காசையெல்லாம் கொட்டி அதை வாங்கியிருந்தான். பழைய ரேடியோவுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஏரியல் இப்படியும் அப்படியும் சுழலும். எவ்வளவு தூரத்தில் புதையல் இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி நிற்குமாம்.

"அண்ணே, தேடுற பொருளோட பேரை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே நடக்கணும். அப்பத்தான் மிஷின் பிடிக்கும். வித்தவன் வீடியோவுல அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்."

"என்னன்னு சொல்ல? தங்கம்னா?"

"உங்க வாயில எது வருதோ அது," என்று மிஷினைச் சஃபீரின் கையில் கொடுத்தான் குகன்.

சஃபீரின் வாயில் வந்தது நாச்சியம்மாள் சொன்ன வார்த்தை.

அவள் இந்தச் சரிவுக்குக் கீழே இருக்கும் சின்னக் குடியிருப்பிலிருந்து அவன் கடைக்குத் தேன் கொண்டுவருகிறவள். போன வாரம் பேச்சுவாக்கில் கேட்டான், இடிந்துபோன காப்பித் தோட்டத்துப் பங்களாவுக்குப் பின்னால் பாறை ஒன்று இருக்கிறதாமே, அதன் அடியில் வெள்ளைக்காரன் எதையோ புதைத்தானாமே என்று. நாச்சியம்மாள் பதறிப்போனாள்.

"அந்தப் பாறைப் பக்கம் போயிராதீக பாய். அங்கன பொன்னு கெடக்கு."

சொன்ன வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகசியத்தை உளறிவிட்டாள் என்று சஃபீருக்கு உள்ளுக்குள் குதூகலம். அவள் கண் கலங்கியதையும் அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, தேன் பாட்டிலைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். எவளும் தங்கத்தை நினைத்து அப்படி அழமாட்டாள் என்று அப்போதே அவனுக்குத் தோன்றியது. அவன் அதைத் தள்ளிவிட்டான்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே இருவரும் இறங்கினார்கள். பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி, முன்னால் போகும் குகனின் முதுகை மறைத்தது. மக்கிய இலையின் வாடை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

"பொன்னு... பொன்னு..."

முதலில் வெட்கமாக இருந்தது. வீட்டில் ஷம்ஷாத் மகளைக் கொஞ்சுகிற வார்த்தையும் அதுதான். ஜஹீராவை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிடப் பொன்னு என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

"பொன்னு... எங்க இருக்க... பொன்னு..."

ஏரியல் திரும்பியது.

சஃபீர் கையை அசைக்கவில்லை. அது தானாகத் திரும்பி, பாறையைப் பார்த்து நின்றது. தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கூப்பிடுங்கண்ணே, நிறுத்தாதீங்க," என்று கிசுகிசுத்தான் குகன்.

கூப்பிட்டான். ஆசை ஆசையாக, வாய் நிறையக் கூப்பிட்டான்.

பாறையடியில் மண் இளக்கமாக இருந்தது. கடப்பாறை நாலு போட்டதுமே ஏதோ தட்டுப்பட்டது. குகன் பாய்ந்து எடுத்தான். நசுங்கிய, சின்ன அலுமினியத் தம்ளர். அதற்குக் கீழே துணி. மண் நிறத்துக்கு வந்துவிட்ட துணியில் பூப்போட்ட கரை மட்டும் மிச்சமிருந்தது.

பாவாடை.

சின்னப் பாவாடை.

குகன் தம்ளரைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினான். சஃபீர் மண்ணைத் தள்ளி மூடினான். கையால் கூட இல்லை, செருப்புக் காலால். பிறகு அவனும் ஓடினான். மிஷின் கையிலேயே இருந்ததை ஜீப்பில் ஏறிய பிறகுதான் கவனித்தான்.

சாயங்காலம் கடையில் தனியாக உட்கார்ந்து அதைத் திருகிக் கழற்றினான். உள்ளே ஒரு பேட்டரி, பாரத்துக்காக ஒரு சிமெண்ட் கட்டி. பேட்டரியிலிருந்து கிளம்பிய வயர் எதிலும் சேரவில்லை. பச்சை ஏமாற்று வேலை. சஃபீருக்குச் சிரிப்பு வந்தது. இது எதையும் காட்டாது, எதையும் பிடிக்காது.

அப்படியானால் மத்தியானம் திரும்பியது எப்படி?

ஈரமண் வாடை அடித்தது. மேசைமேல் கிடந்த ஏரியல் மெல்ல நகர்ந்து வாசலைக் காட்டியது. பிறகு அலமாரி ஓரமாக, நின்று நின்று, ஒரு புள்ளை வேடிக்கை பார்த்தபடி நடந்து வந்தால் எப்படியோ அப்படி நகர்ந்தது.

நின்றது.

கடலைமிட்டாய் டப்பாவுக்கு நேராக.

மறுநாள் வெள்ளனே சஃபீர் கடை திறக்க வந்தபோது படியில் நாச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் தேன் இல்லை.

"நேத்துக் கீழ வெறகு பொறுக்கிக்கிட்டிருந்தேன் பாய். மேகத்துக்குள்ள யாரோ எம் மக பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. உங்க கொரலுதான்."

சஃபீர் அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக் கதவைத் திறந்தான்.

"எங்காளுக செத்தவுக பேரைச் சொல்ல மாட்டோம். கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவாக. நீங்க தோண்டிப்புடக் கூடாதேன்னுதான் அன்னிக்கு வாய்விட்டுச் சொன்னேன். சொல்லித் தடுக்கப் பாத்தேன், அதுவே வெனையாப் போச்சு."

"எனக்குத் தெரியாது நாச்சியம்மா."

சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவன் தோளுக்கு அப்பால், காலியாக இருந்த கடைக்குள் பார்த்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தா, மழையில பாதை போயிருச்சு. டோலி கட்டித் தூக்க ஆள் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கடைசியாப் பசிக்குதுன்னா. கஞ்சி கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆறட்டும்டீன்னேன்." குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் அந்தப் பாறையில ஒக்காந்து கூப்பிட்டுப் பாத்தேன் பாய். நான் கூப்பிட்டா வரமாட்டேங்கா. நீங்கதானே எழுப்பினீக, நீங்களே கொண்டாந்து விட்டுருங்க."

அவள் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். கெஞ்சினாள். சஃபீருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கழற்றிய மிஷினைத் திரும்ப மாட்டி எடுத்துக்கொண்டு, அப்போதே அவளோடு போனான். வழி நெடுக, பின்னால் வருகிற ஒன்றுக்காக நடையைக் குறைத்துக்கொண்டே போனான். பாறையடியில் மண்டியிட்டு, நேற்றுக் காலால் தள்ளிய மண்ணைக் கையால் அள்ளி ஒழுங்காக மூடினான். நகக்கண் கிழிந்தது. கடைசி முறையாகக் கூப்பிட்டான்.

"பொன்னு. இங்க வாம்மா. உங்கம்மா இருக்காங்க. இங்கேயே இரு."

ஏரியல் குழிமேட்டைப் பார்த்துத் திரும்பி, அசையாமல் நின்றது. நாச்சியம்மாள் தரையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். சஃபீர் மிஷினைப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மேடேறினான். தம்ளர் மட்டும் அங்கே எங்கேயும் காணவில்லை. தேடிப் பார்த்திருக்கலாம். சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜஹீரா ஓடிவந்து மடியில் ஏறி, அப்படியே தூங்கிப்போனாள். அவள் தலைமுடியில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். அடுக்களையிலிருந்து குழம்பு வாசம் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"பொன்னு, சாப்பிட வாடா தங்கம்," என்று ஷம்ஷாத் கூப்பிட்டாள்.

ஜஹீரா அசையவில்லை. ஆழ்ந்த தூக்கம்.

"இந்தா, ஆ காட்டு."

சஃபீர் தலையைத் தூக்கினான். கதவு வழியே ஷம்ஷாத்தின் முதுகு தெரிந்தது. அடுப்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல், சோற்று உருண்டையோடு கையைப் பின்னால் நீட்டினாள். ஜஹீரா எப்போதும் பின்னால் வந்து நின்று வாங்கிக்கொள்ளும் பழக்கம் அது.

கை காலியாகத் திரும்பி வந்தது.

"என்னங்க, உங்க மகளுக்கு இன்னிக்கு என்ன பசி! வாங்கி வாங்கி முழுங்குறா. கொஞ்சம் பொறு பொன்னு, சுடுது, ஆறட்டும்."

கத்த வேண்டும் என்றிருந்தது. ஓடிப்போய் மனைவியை இழுத்து வர வேண்டும் என்றிருந்தது. மடியில் தன் மகள் மூச்சுவிடுவதை உணர்ந்தபடி, கிழிந்த நகக்கண்ணைப் பார்த்தான் சஃபீர். கூப்பிட்டவன் அவன்தான்.

"ஆறட்டும்னு சொல்லாத," என்றான் மெதுவாக. "ஊதிக் குடுத்துரு."

"சரி, சரி." ஷம்ஷாத் சிரித்தாள். பிறகு ஏதோ காலில் தட்டுப்பட்டதுபோலக் குனிந்தாள்.

"ஏங்க, இந்த நசுங்கின தம்ளரை யார் இங்க கொண்டாந்து போட்டது? ஒரே மண்ணா இருக்கு."